தீப்பெட்டியில இருந்த விலாசம்

வயித்தால போறது நிக்க மாத்திரை வாங்கணும். பாங்காக்ல எனக்கு மொத நாள் வேலை அது ஒண்ணுதான்.

மாத்திரை எனக்கில்ல. மச்சினன் மாரீஸ்வரனுக்கு. பிளேன்ல குடுத்த சாப்பாட்டோட, பக்கத்து சீட்டுக்காரர் வேண்டாம்னு ஒதுக்கி வச்சதையும் சேத்துச் சாப்பிட்டான். கேட்டதுக்கு, "டிக்கெட்டுக்குள்ளதான அத்தான் வருது"ன்னான்.

எங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை. நான் சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல தீப்பெட்டி லேபில் அடிக்கிறவன். அவன் தாயில்பட்டியில ஒரு பட்டாசுக் கம்பெனியில லோடு ஏத்துற சூப்பர்வைசர். செல்போன் அப்பத்தான் எல்லாரு கையிலயும் வந்துக்கிட்டு இருந்த நேரம். ஆனா பட்டாசுக் கம்பெனிக்குள்ள அதைக் கொண்டு போகக்கூடாது. அதனால அவனுக்குத் தொண்டைதான் போன். கேட்டுக்கு வெளிய நிக்கிற லாரி டிரைவரைக் குடோன்ல இருந்தே கூப்பிடுவான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

காலண்டர் சீசன் முடிஞ்ச கையோட, ஆளுக்கொரு பையை முதுகுல மாட்டிக்கிட்டு வெள்ளைக்காரன் மாதிரி ஊர் சுத்தணும்னு கெளம்பிட்டோம். எங்க வீட்டுக்காரி சொல்லிவிட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"நீங்க எப்படியும் போங்க. எந்தம்பிய மட்டும் பத்திரமாக் கொண்டாந்து விட்டுருங்க."

விடியக்காலையில ஏர்போர்ட்ல இருந்து டாக்சிக்காரரு அவராப் பாத்து ஒரு சந்துல, ஒரு விடுதி வாசல்ல இறக்கிவிட்டாரு. போர்டு பூராம் அந்த ஊர் எழுத்து. மாடியில ரூம். தெருவப் பாத்து ஒரு கம்பி போட்ட சன்னல். கக்கூஸ் மட்டும் ரூமுக்கு வெளிய, வராந்தா கடைசியில. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மாரீசு அதுக்குள்ள வராந்தாவுல நாலஞ்சு நடை நடந்துட்டு வந்து அசந்து தூங்கிட்டான். தலைமாட்டுல பை. பைக்குள்ள ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும், மொத்த டாலரும். கதவுக்கோ உள்பக்கம் தாப்பா சரியா விழல. எவனாவது உள்ள வந்தா?

ஊர்ல இருந்து திண்டுக்கல் பூட்டு ஒண்ணு கொண்டு போயிருந்தேன். வெளிப்பக்கம் போட்டுப் பூட்டி, ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். பாஸ்போர்ட்டும் பத்திரம், மச்சினனும் பத்திரம். அம்புட்டுத் தெளிவா யோசிச்சிருக்கேன்.

கீழ வந்தா மேசையில ஆளில்ல. வெளியூர்ல விலாசம் இல்லாம தெருவுல இறங்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? மேசையப் பாத்தேன். ஒரு தீப்பெட்டி கெடந்துச்சு. முன்னால யானைப் படம். பின்னால ரெண்டு வரி, அந்த ஊர் எழுத்து.

பெரிய ஓட்டல்காரங்க தங்களோட பேரையும் விலாசத்தையும் போட்டுத் தீப்பெட்டி அடிச்சு வாங்குறது எங்க தொழில்ல சகஜம். நானே எத்தனையோ ஆர்டர் முடிச்சுக் குடுத்திருக்கேன். அப்ப யானை இவுக சின்னம், ரெண்டு வரி இவுக விலாசம். வேற ஒருத்தனா இருந்தா இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு எனக்கே ஒரு இது. லேபில்ல நீல மை மட்டும் படத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்துச்சு. நம்மூர்லன்னா ரிஜெக்ட்டுன்னு நெனச்சுக்கிட்டே பையில போட்டேன்.

மருந்துக்கடையில பாஷை தெரியாம வயித்தப் பிடிச்சுக்கிட்டு, வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடி ஓடிக் காமிச்சேன். கடைக்காரப் பொண்ணு சிரிக்காம மாத்திரை குடுத்துச்சு. படிச்ச பொண்ணு.

வெளிய வந்தேன். நான் வந்த சந்தைக் காணோம். அங்கன ஒரு சந்து, இங்கன ஒரு சந்து, எல்லாச் சந்துலயும் துணி காயுது, எல்லாத்துலயும் ஒரு பூனை படுத்திருக்கு. ஒவ்வொண்ணா நுழைஞ்சு பாத்துட்டு, ஒரு சந்து முனையில நூடுல்ஸ் வண்டி வச்சிருந்த அக்காகிட்ட தீப்பெட்டியப் பின்பக்கம் திருப்பிக் காமிச்சேன்.

அந்த அக்கா நிதானமா வாசிச்சுச்சு. பெறகு, கொஞ்சம் வெளிய வந்திருந்த குச்சி அடுக்கை உள்ள தள்ளி, பெட்டியப் பக்குவமா மூடி, என் கையில குடுத்துட்டுத் தலையாட்டுச்சு.

மரியாதையான ஊருன்னு நெனச்சேன்.

அடுத்து டை கட்டின ஒருத்தர். அவரும் வாசிச்சாரு. அவரும் பெட்டிய மூடினாரு. பெறகு ஒரு குச்சிய எடுத்து உரசி, கையால காத்தை மறைச்சு, என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. எனக்கு பீடி, சிகரெட் பழக்கமெல்லாம் கெடையாது. அவரு மனசு நோகக்கூடாதுன்னு ஊதி அணைச்சேன். அவரு ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போயிட்டாரு.

போலீஸ்காரர் ஒருத்தர் வாசிச்சுட்டு, பெட்டிய மூடி, என் சட்டைப்பையில அவரே வச்சு, மேல ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பிவச்சாரு.

வெயில் ஏறிருச்சு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. பய முழிச்சிருப்பான். முழிச்ச ஒடனே அவன் எங்கன ஓடுவான்னு தெரியும். ஓட முடியாதுன்னும் தெரியும். எங்க பக்கம் பட்டாசு ரூமுக்கு நாலா பக்கமும் வாசல் வப்பாக, ஏதாவதுன்னா ஓடுறதுக்கு. கதவைத் தாப்பாப் போடக்கூட விட மாட்டாக. அந்த ஊர்ல பெறந்த நான், இருந்த ஒத்த வாசலையும் ஒரு மனுசனை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன். ஒரு தீ கீ பிடிச்சா என்ன ஆகும்? எங்க வீட்டுக்காரி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நெசமாவே கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஒரு ஆட்டோவ நிப்பாட்டினேன். டிரைவர் ரெண்டு வரியையும் வாசிச்சுட்டு, பெட்டிய மூடிட்டு, முழிச்சாரு. நான் முன்பக்கத்தைத் திருப்பி யானையத் தொட்டுக் காமிச்சேன். அவரு மூஞ்சி மலந்துருச்சு. "ஆ!"ன்னாரு.

ஆட்டோ பறந்துச்சு. கோயில் மாதிரி ஒரு இடத்துல நிப்பாட்டினாரு. வாசல்ல ரெண்டு பக்கமும் யானை. உள்ள போனா வரிசையா யானை. மரத்துல, கல்லுல, கண்ணாடியில. வந்தது வந்துட்டோம்னு கும்பிட்டேன். "சாமி, மாரீசு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கணும்."

வெளிய வந்து டிரைவருக்கு நடிச்சுக் காமிச்சேன். ரூமு. பூட்டு. உள்ள ஆளு. வயிறு. "இந்தியா, இந்தியா"ன்னு என் நெஞ்சைத் தொட்டுக் காமிச்சேன். பக்கத்துல நின்ன இன்னொரு டிரைவரு இதைக் கேட்டுட்டு எங்கள நெருங்கி வந்தாரு. என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "இந்தியா?"ன்னாரு. பெறகு ரெண்டு கையால கம்பியப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு, வாயப் பெருசாத் தெறந்து கத்துற மாதிரி காமிச்சாரு.

எனக்குப் புரிஞ்சு போச்சு.

ரெண்டு டிரைவரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. அந்தாளு வழி சொல்ல, எங்க ஆட்டோ கெளம்புச்சு. மெயின் ரோட்டுலயே கேட்டுருச்சு.

"அத்தாஆஆன்! எங்கன போய்த் தொலைஞ்சீக அத்தாஆஆன்!"

சந்து பூராம் கூட்டம். எல்லாரும் மாடிய அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காக. சன்னலுக்கு நேர் கீழ, கூட்டத்தைப் பாத்துத் தள்ளிட்டு வந்த நூடுல்ஸ் வண்டி. அதே அக்கா. நான் மொத மொத வழி கேட்டது விடுதி இருக்கிற சந்து முனையிலயேதான். என்னைப் பாத்ததும் அது ஒரு கிண்ணத்தை நீட்டுச்சு. வேண்டாம்னுட்டு மாடிக்கு ஓடினேன்.

ஓடும்போதே மேல சத்தம் நின்னு போச்சு. போய்ப் பாத்தா, கதவு வராந்தாச் சுவத்துல சாஞ்சு நிக்குது. பூட்டை ஒடைக்கப் பாத்திருக்காக, முடியல. கடைசியில கீலைக் கழத்தி, கொண்டியோட கதவையே நிலையில இருந்து பேத்து எடுத்துட்டாக. பூட்டு மட்டும் பூட்டினபடியே தொங்குது. ஒரு கீறல் கெடையாது.

வராந்தாக் கடைசிக் கதவு உள்பக்கம் தாப்பாப் போட்டிருந்துச்சு. உள்ள ஆளு இருக்கு. அம்மாடின்னு தரையில உக்காந்துட்டேன்.

விடுதிக்கார அம்மா வந்து நின்னாக. திட்டப் போறாகன்னு எந்திரிச்சேன். அவுக என்னைப் பாக்கல. என் சட்டைப்பையப் பாத்தாக. "மை மேட்ச்பாக்ஸ்"ன்னு சொல்லிப் பிடுங்கிக்கிட்டாக. காலையில இருந்து ஊதுவத்தி கொளுத்தத் தேடுனாகளாம்.

பின்னால என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன். அவுக தங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல வெரலை வச்சு வாசிச்சாக.

"குளோஸ் பாக்ஸ். தென், ஃபயர்."

பெட்டியை மூடிவிட்டுக் குச்சியை உரசவும். தமிழ்ல, இந்தியில, இங்கிலீஷ்ல, நானே என் கையால பிளேட் போட்டு லட்ச லட்சமா அடிச்ச வாசகம்.

மாரீசு வெளிய வந்தான். கதவைப் பாத்தான், பூட்டைப் பாத்தான், என்னையப் பாத்தான். மாத்திரைய நீட்டினேன்.

"அவசரமில்ல அத்தான்"ன்னான். "தண்ணியும் வாங்கியாந்தீகளா?"

சாயந்தரம் பூத்துல இருந்து ஊருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கேட்டா.

"எந்தம்பி பத்திரமா இருக்கானா?"

"பூட்டியில்ல வச்சிருந்தேன்"ன்னேன். அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம்.

நீங்களும் வெளியூர் போறீக, மச்சினனை ரூம்ல வச்சுப் பூட்டுற நெலமை வருதுன்னு வைங்க. தெருவப் பாத்த சன்னல் இருக்கிற ரூமாப் பாத்துப் பூட்டுங்க.