இராஜாங்கத்தின் கை உயர்ந்தது

"உசிரே போனாலும் சரி, கூலி நெல்லுல ஒரு படி கூட்டிக் குடுக்க இந்தக் கை உயராது" என்று இராஜாங்கம் சபதம் போட்டபோது, அதே கை பிடரியை வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டிருந்தது.

பிடரியில் அவருக்குப் பல வருஷத்துக் கரப்பான் படை. தஞ்சாவூர் டாக்டர் சொன்னபடி அதை நிர்வாகம் பண்ணியவள் மனைவி அம்சவல்லி. குளித்ததும் தேங்காய் எண்ணெய், உடம்புக்குப் பருத்திச் சட்டை, கருவாடு வாடையே கூடாது. கோட்டையில் சர்க்காரே மாறிவிட்டது, இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

வயலில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலி கூடாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று அறுப்புக்கு வரும் காத்தாயியும் அவள் ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு படிதானேங்க. நெல்லு வயல்லயே கொட்டிப் போவுது" என்றாள் அம்சவல்லி.

"கொட்டட்டும். மானம் போவக் கூடாது."

"சரிங்க. ஒங்க இஷ்டம்."

அம்சவல்லி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. தாசில்தார் பேச்சுவார்த்தை வைத்து, கை தூக்கச் சொல்லி முடிவு பண்ண வந்த அன்று இலையில் கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

"பத்தியம் என்னாச்சு?"

"சபையில பேசப் போறீங்க. தெம்பு வேணாமா?"

தன் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய, பருத்தி கலக்காத தெரிலின் சட்டையையும் எடுத்துக் கொடுத்தாள்.

"எண்ணெய் தடவலியே?"

"புதுச் சட்டைங்க. கறை புடிச்சிடும்."

இவ்வளவு பாசமா என்று மனுஷன் உருகிப்போனார்.

பஞ்சாயத்து ஆபீசில் ஒரே புழுக்கம். உள்ளே கருவாடு, வெளியே தெரிலின், நடுவில் வேர்வை. ஆட்கள் எதிரே சொறிந்தால் மிராசுக்கு அழகா? பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். 

"ஒரு படி கூட்ட சம்மதிக்கிற மிராசுதாருங்க கை தூக்குங்க" என்றார் தாசில்தார். பாதிப் பேர் தூக்கினார்கள். பாதிப் பேர் தூக்கவில்லை. சரிக்குச் சரி.

அந்த நேரம் பார்த்துப் பிடரி பற்றி எரிந்தது. இராஜாங்கத்தின் கை அவரைக் கேட்காமலே மேலே போய்விட்டது.

"இராஜாங்கம் ஐயாவும் சம்மதம். முடிஞ்சுது" என்று தாசில்தார் எழுந்தார். ஆட்கள் கைதட்டினார்கள். சொறியத்தான் தூக்கினேன் என்று அத்தனை பேர் நடுவில் எந்த வாயால் சொல்வது? கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"போச்சு அம்சம், எல்லாம் போச்சு. காத்தாயிகிட்ட நாளைக்கு அறுப்புக்கு வரச் சொல்லு."

எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த அம்சவல்லி அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள்.

"நேத்தே சொல்லிட்டேங்க."