மாதம் ஐந்து லிட்டர் வண்டி

என்றும் அன்பு குறையாத மைத்துனருக்கு, அத்தான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று சொல்லத்தான் ஆசை. நீயும் உன் வீட்டாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மழை விட்டதா, உன் இடுப்பு வலி தேவலையா என்றெல்லாம் விசாரித்ததாக வைத்துக்கொள். விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் இந்தக் கடிதம்.

மச்சான், வாரம் இரண்டு தடவை, திங்களும் வெள்ளியும், ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நான் போகவேண்டியிருக்கிறது. இரண்டு பஸ் மாறித் திரும்பும்போது ஒரு நாள் படிக்கட்டில் மயங்கி விழ, கண்டக்டர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து இறக்கிவிட்டார். அந்தச் சங்கதி கேட்டுப் பதறிப்போய்த்தான் நீ பணம் அனுப்பினாய். "சின்ன வண்டியா, பெட்ரோல் வண்டியா, செலவு வைக்காம, வழியில நிக்காம ஓடற வண்டியா பாருங்க அத்தான். அக்கா பதினெட்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவ, அவ ஓட்டிடுவா. ஆனா வண்டி பாத்து எடுக்கறதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது" என்றாய். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

பெட்ரோல் பங்கில் முப்பத்தெட்டு வருஷம் குழாய் பிடித்தவன் நான். எழுத்து தெரியாது, எண் தெரியும். எந்த வண்டி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வந்தது, எத்தனை லிட்டர் போட்டது, மூடி இடப்பக்கமா வலப்பக்கமா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை வரம் என்று எல்லாரும் சொன்னார்கள். பழைய கார் வாங்கக் கிளம்பிய பிறகுதான் இது வியாதி என்று தெரிந்தது.

முதலில் ஒரு தரகர் வெள்ளி நிறக் காரைக் காட்டினார். "ஒரே ஒரு டாக்டரம்மா வச்சிருந்த வண்டி பெரியவரே, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடினது" என்றார். நான் நம்பரைப் பார்த்தேன். நான் பங்கில் இருந்த காலத்தில் அந்த நம்பர் வண்டி மஞ்சள் நிறத்தில் இருந்தது, தலையில் பலகை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் ஓடியது, இரண்டு நாளைக்கு ஒரு தடவை பதினைந்து லிட்டர், ஊரில் பாதிப் பேர் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். குனிந்து இடப்பக்கத்து மிதியடியைத் தூக்கினேன், வாத்தியார் மிதிக்கிற பிரேக்கைக் கழற்றின நாலு ஓட்டையும் அப்படியே இருந்தது. "டாக்டரம்மா இந்தப் பக்கமும் உக்காந்து ஓட்டுவாங்களோ?" என்று கேட்டேன். தரகர் போனில் யாரையோ கூப்பிடப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அடுத்தது சிவப்பு. விற்கிறவர் மரியாதையான மனுஷர், உட்கார நாற்காலியெல்லாம் போட்டார். மீட்டரில் நாற்பதாயிரம் காட்டியது. எனக்குப் பழையது ஞாபகம் வந்து தொலைய வேண்டுமா? பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நல்ல மழையில் இந்த வண்டியை மூன்று பேர் தள்ளிக்கொண்டு பங்குக்கு வந்தார்கள், கண்ணாடியைத் துடைக்கும்போது மீட்டரைப் பார்த்தேன், அன்றைக்கே அறுபதைத் தாண்டியிருந்தது. நான் அதைச் சொல்லவும் மனுஷர், "அது எங்க அண்ணன் வச்சிருந்தப்ப இருக்கும்ங்க" என்றார். "அண்ணன் பின்பக்கமாவே ஓட்டினாரா?" என்றேன். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாவது நீலம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் அக்கா தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, "இதையே எடுத்துடலாம், ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் அந்த நாளில் அதை வைத்திருந்தவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? நான் கை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே டேங்க் மூடியைத் தரையில் போட்டுவிட்டு "பொறுக்கிக்கோ" என்பான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, போன வாரம் நடந்த மாதிரி இருக்கிறது. வேண்டாம் என்றேன். உன் அக்கா நடுத்தெருவில் நின்று, "நாம வண்டி வாங்க வந்திருக்கமா, சம்பந்தம் பேச வந்திருக்கமா?" என்று கேட்டாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்த வெள்ளை வண்டி ஞாபகம் வந்தது. ஒரு தலைமையாசிரியை அம்மாளுடையது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் வரும், ஐந்தே ஐந்து லிட்டர் போடும், போய்விடும். பதினோரு வருஷம், ஒரு மாதம் கூடத் தப்பவில்லை, ஆறாவது லிட்டரை அது பார்த்ததே இல்லை. மாதம் முழுவதும் ஐந்து லிட்டரில் ஓடுகிற வண்டி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? விசாரித்து விசாரித்து அந்த அம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, கண்ணில் புரை விழுந்து, வண்டியை யாருக்குக் கொடுப்பது என்றுதான் அவரும் இருந்திருக்கிறார். சாவியைத் திருப்பினதும் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. பேரம் பேசக்கூட எனக்கு மனசு வரவில்லை மச்சான், கேட்டதைக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று, சனிக்கிழமை, எதற்கும் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து ரொம்ப நாள் பழகினவர் மாதிரி சிரித்தார். "அட, இந்த வண்டியா? மாசத்துல இருபத்தஞ்சு நாள் நம்ம ஷெட்டுலதானே நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு நட்டை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்துவிட்டார். அதற்கு மேல் என்ன கேட்பது? மாதம் ஐந்து லிட்டர் ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடினால் அல்லவா குடிப்பதற்கு? பதினோரு வருஷமாக அந்த வண்டி பெட்ரோல் போட வந்தது ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகத்தான்.

வண்டியையும் உன் அக்காவையும் அங்கேயே விட்டுவிட்டு வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். அவள் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாலும் நான் சாப்பிடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவையும் வாயெடுத்தாள், தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஆகையால் மச்சான், முடிவைக் கேட்டுக்கொள். உன் பணத்தை நான் ஓடாத இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். அதை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறேன், இன்னொரு கார் பார்க்கச் சொல்லாதே. பஸ்ஸிலும் இனி ஏறமாட்டேன். நாளை திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை, வெள்ளியும் இல்லை. எழுபத்தாறு வருஷம் ஓடியாகிவிட்டது, எனக்கும் ஷெட்டில் நிற்கிற வயசுதான். உன் அக்கா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். ஒரு எழுத்து விடாமல் எழுதச் சொல்லி இதையும் எழுத வைத்தேன்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல், கை நீட்டினால் நின்று ஏற்றிக்கொள்கிற நல்ல மனுஷர்கள் நடுவில் வாழட்டும். உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. இதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. அந்த மெக்கானிக் நட்டை வாயிலிருந்து எடுத்ததும் மிச்சத்தைச் சொன்னார். தலைமையாசிரியை வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாதாம், அதனால் வாடகைக்கு இவர் ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவார், மாதம் ஒரு சனிக்கிழமை பெட்ரோல் போடவும், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தாயாரைப் பார்க்கப் போகவும் மட்டும்தான் வண்டியை எடுப்பார். பதினோரு வருஷத்தில் மாற்றினது டயரும் பேட்டரியும்தானாம். மாதம் முழுக்க ஐந்து லிட்டரில் ஓடுகிற அதிசய வண்டி என்பதெல்லாம் கதை, நான் ஓட்டிப் பார்த்தேன், எல்லா வண்டியும் குடிக்கிற மாதிரிதான் இதுவும் குடிக்கிறது. ஆனால் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. நேற்றே பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நாளைக்கு அவர் வரமாட்டார் என்று நீ கவலைப்படாதே. நான் அவரிடம் விஷயத்தைச் சொல்லப்போவதில்லை. "வண்டி பாலத்துல நின்னுடும்னு எனக்கும் தோணுது, வந்து பாருங்க" என்று மட்டும் சொல்வேன். அது நிற்கும்போது, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல அவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா? அதற்காகவே ஏறி உட்கார்ந்துவிடுவார். நாளைக்கு நிற்காது. அதனால் வெள்ளிக்கிழமையும் வருவார்.