துருப்பொட்டு விசாரணை

என் வீட்டுக்காரர் ஒரு முடிவெடுத்தால் அது வீட்டுக்குள் அடங்காது. வாசலுக்கு வந்து, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வாத்தியார் காதில் விழுந்தால்தான் அது முடிவு. அன்று காலையும் அப்படித்தான்.

"இனிமே கார் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது! யாரும் கேட்கவும் கூடாது!"

நான் கண்ணை மூடிப் பிரார்த்தனையில் இருந்தேன். மகளைப் பற்றித்தான் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. அவள் வீட்டுக்குப் பஸ்ஸில் போவதென்றால் இரண்டு இடத்தில் இறங்கி மாறி, போய்ச் சேருவதற்குள் பேறுகாலம் எனக்கா அவளுக்கா என்று சந்தேகம் வந்துவிடும். காரில் போனால் ரேடியோவில் நாலு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அதற்காகத்தான் இந்த வயதில் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கினேன். சாவி என்ற சொல் காதில் விழுந்ததும், "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று கடவுளிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

எங்கள் கார் வெள்ளை. அவருக்கு அது கார் இல்லை, கடைக்குட்டி. நான் ஏறும்போதெல்லாம், "கதவை மெதுவா சாத்து, பெயிண்ட் உதிர்ந்துடும்" என்பார். பிள்ளைகளைத் தொட்டிலில் போடும்போதுகூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

பூதக்கண்ணாடியோடு பானெட்டின் மேல் குனிந்திருந்தார்.

"பாரு! உன் லட்சணத்தைப் பாரு!"

பார்த்தேன். கடுகை விடப் பொடிசாக, காவி நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. வண்டிக்கு வேர்க்குரு வந்த மாதிரி.

"என்னங்க இது?"

"துரு! போன வாரம் மக வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனியே, எங்க நிறுத்தினே?"

"அவ வீட்டுக்குப் பின்னாடி, நிழல்ல."

"அந்த நிழலுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"ரயில் பாதை."

"ஆங்!" என்று நிமிர்ந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். இன்சூரன்ஸ் ஆபீஸில் அவர் பார்த்த உத்தியோகமே, இடிபட்ட வண்டிகளைப் பார்த்து யார் மேல் தப்பு என்று எழுதுவதுதான். ஓய்வு பெற்றபின் வண்டிகள் வருவதில்லை. நான் இருக்கிறேன்.

"ரயில் சக்கரம் தேயும். தேஞ்ச இரும்புத்தூள் பறந்து வந்து பெயிண்ட்ல குத்திக்கும். ஈரம் பட்டா துருப்பிடிக்கும். எல்லாம் உன்னால!"

"ரயிலை நானா ஓட்டினேன்?"

"காரை நீதானே ஓட்டினே?"

ஆனாலும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "என்னங்க, போன மாசம் நீங்க கேட் கம்பியை அறுத்தீங்களே. பொறி பறந்துச்சே. இரும்புதானே அதுவும்…"

போன மாதம் எங்கள் கேட் தரையில் இழுபட்டது. வெல்டிங்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார். இவருக்குப் பொறுக்குமா? எங்கேயோ போய்க் கட்டிங் மிஷினை இரவல் வாங்கி வந்து, காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அறுத்தார். தெருவே ஜன்னலைச் சாத்தியது. புழுக்கமாக இருக்கிறதென்று சட்டையைக் கழற்றினார். கொடி இருந்தது, ஆணி இருந்தது, நான் இருந்தேன். அவர் அதை பானெட் மேல் விரித்துப் போட்டார்.

"பொறி பறக்கும்போதே அணைஞ்சுடும். அது நெருப்பு, இது துரு. தெரியாததைப் பேசாதே" என்றார்.

சரி, பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். வெயிலில் உதறிப் பிடித்தபோது பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. அத்தனை ஓட்டை. கரித்துணியாக்கவும் மனசு வரவில்லை. மடித்துப் பீரோவின் அடியில் வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

வைத்தியம் தொடங்கியது. முதலில் என் பற்பசை. வண்டிக்கு வாய் மணத்தது, பொட்டு போகவில்லை. பிறகு எலுமிச்சம்பழம். வீட்டில் இருந்தவை எல்லாம் தீர்ந்தன, பொட்டு தீரவில்லை. மூன்றாவதாகப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஐயோ, அது இரும்புங்க!"

"இரும்பை இரும்பாலதான் எடுக்கணும். முதல்ல நீ உட்கார்ந்து ஓட்டின பக்கத்துக் கதவுல சோதிச்சுப் பார்க்கிறேன்."

வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பொட்டு மறைந்தது. நெஞ்சை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலம் மழை. மறுநாள் கதவைப் பார்த்தால், இருந்த பொட்டெல்லாம் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. போதாததற்குக் கீறல் வேறு.

"உன் கம்பி நார் மட்டம்!" என்றார்.

அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் அவருக்குச் செருப்பு தானாகக் காலில் ஏறும். ஓய்வு பெற்றபின் திட்ட ஆளில்லாமல் தவிக்கிற மனிதர்.

"என்ன சார், விஷயம்?"

"ரயில் தூள் வாத்தியாரே! இவங்க கொண்டுபோய் நிறுத்தினது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தப் பொட்டு யாரால வந்துச்சோ, அவங்க இனிமே இந்த ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது!"

நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "யாரா இருந்தாலுமாங்க?"

"யாரா இருந்தாலும்!"

"நானா இருந்தாலுமா?"

"நீயா இருந்தா முதல்ல!"

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நீங்களா இருந்தாலுமா?"

வயிறு குலுங்கச் சிரித்தார். "நானா? சரி, நானா இருந்தாலும்! போதுமா?"

"அண்ணே, காதுல வாங்கிக்கிட்டீங்களா?"

"நல்லா விழுந்துச்சு தங்கச்சி" என்றார் வாத்தியார்.

அன்று பிற்பகல் மகனுக்குப் போன் செய்தேன். ஊர் விட்டு ஊர் இருந்தாலும் எனக்கென்றால் கடை கடையாக ஏறுவான். ஒரு வாரத்தில் பார்சல் வந்தது. ஒரு ஸ்பிரே பாட்டில், அதோடு களிமண் மாதிரி ஒரு கட்டி.

"அம்மா, வண்டியைக் கழுவி நிழல்ல நிறுத்தி அடிக்கணும். இரும்பு எங்கெங்க குத்தியிருக்கோ அங்கெல்லாம் ஊதாவா மாறும். காய விடாம கழுவிடணும். மிச்சத்தைச் சோப்புத் தண்ணி விட்டுக் கட்டியால தேய்ச்சா வந்துடும்."

இதை இவரிடம் சொன்னதும் துள்ளினார். "ஊதாவா மாறுமா? அப்ப ரயில் பாதைப் பக்கம் இருந்த சைடு பூரா ஊதாவாகும். அத்தாட்சி! நானே அடிக்கிறேன்."

"நீங்க அடிச்சாத்தான் சரியா இருக்கும். வாத்தியார் அண்ணனையும் கூப்பிடுங்களேன். நாளைக்கு நான் மாத்திப் பேசிடக் கூடாது பாருங்க."

"கூப்பிடத்தான் போறேன்!"

அவர் தெருவைக் கடந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. உள்ளே போய்க் கண்ணை மூடினேன். 'கடவுளே, அவர் மனசு நோகக் கூடாது. ஆனால் சாவி எனக்கு வேணும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா, ரெண்டாவதைப் பார்த்துக்கங்க' என்றேன்.

வாத்தியார் நாற்காலியோடு வந்தார். இவர் வண்டியைக் கழுவினார், தொண்டையைச் செருமினார், ரயில் பாதைப் பக்கம் இருந்த சைடில் முதலில் அடித்தார். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"கொஞ்சம் நேரமாகும்" என்றார்.

நேரமாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

"அந்தப் பக்கமும் அடிங்களேன். பாட்டில் நிறைய இருக்கே" என்றேன்.

கேட் பக்கத்துக் கதவில் அடித்தார். உடனே ஊதா. அவர் கை போன வழியெல்லாம் வட்டம் வட்டமாக ஊதா வழிந்தது.

"இது உன் கம்பி நார்!"

"ஆமாங்க. உங்க கை."

பானெட்டில் அடித்தார். பொட்டுப் பொட்டாக ஊதா பூத்தது. ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பரவியது. நடுவில் மட்டும் ஓர் இடம் மாறவே இல்லை, பளிச்சென்று வெள்ளையாக நின்றது. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"சார்… இது காலர் மாதிரி இல்லே?"

"எது?"

"இது ஒரு கை. இது இன்னொரு கை. அரைக்கை."

நானும் எட்டிப் பார்த்தேன். பொறி என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் சத்தியமாக இதை நான் எதிர்பார்க்கவில்லை. இது என் வேலை இல்லை, மேலே இருக்கிறவர் வேலை. ஒரு சட்டை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பானெட்டின் மேல் மல்லாந்து படுத்திருந்தது.

"பெரிய சைஸ்" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு இவர் வயிற்றைப் பார்த்தார்.

நான் உள்ளே போய்ப் பீரோவின் அடியிலிருந்ததை எடுத்து வந்து, பானெட்டுக்கு மேலே விரித்துப் பிடித்தேன். கைக்குக் கை, காலருக்குக் காலர். சுற்றிலும் ஊதா, ஓட்டைகளின் வழியே வெள்ளை எட்டிப் பார்த்தது.

"இது… இது வேற சட்டை" என்றார் இவர்.

"சார்," வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார், "இடிச்ச வண்டியோட டிரைவர் இப்படிச் சொன்னா, நீங்க ஆபீஸ்ல என்ன எழுதியிருப்பீங்க?"

வாத்தியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் கேட்டிலேயே முட்டிக்கொண்டார்.

அன்று முழுக்க இவர்தான் வேலை செய்தார். சோப்புத் தண்ணீரும் கட்டியுமாக, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டாக எடுத்தார். தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுக்கியது. கதவுக் கீறல் மட்டும் போகவில்லை. போக வேண்டாம், இருக்கட்டும். அவர் கையெழுத்து.

சாயங்காலம் தலை வாரிப் புடவை மாற்றிக்கொண்டு வந்து கையை நீட்டினேன். இடுப்பிலிருந்து சாவி இறங்கி என் கைக்கு வந்தது.

"மகளைப் பார்த்துட்டு வந்துடறேங்க."

"தனியாவா? நானும் வரேன். வழி தெரியாம போயிடுவே."

"வாங்க, வாங்க" என்றேன்.

ஸ்டியரிங் பக்கத்துக் கதவைப் பழக்கத்தில் திறந்தார். எதிர்வீட்டில் வாத்தியார் இருமினார். இவர் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறி, தெரு அதிரக் கதவை இழுத்துச் சாத்தினார்.

நான் வண்டியைக் கிளப்பவில்லை. அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"மெதுவா சாத்துங்க. பெயிண்ட் உதிர்ந்துடும்."