சீட்டில் 'ய' இல்லை, சம்பந்தியம்மா

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் நலமா? முழங்கால் என்பதை மூன்று முறை அடித்து எழுதினேன். ழ இப்போதுதான் வசப்பட்டிருக்கிறது.

உங்கள் மகன் போனில் "அம்மா, நான் அங்கயே வந்துடறேன்" என்று சொன்னாராம், நீங்கள் சமாதானம் பேசப் புறப்படுகிறீர்களாம். வர வேண்டாம். பிரச்சினை தீர்ந்துவிட்டது. பிரச்சினையே நான்தான்.

மகள் மாடி அறையிலும் மாப்பிள்ளை கீழ் அறையிலும் உட்கார்ந்து மென்பொருள் செய்வது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு சலவைக் கடைக்காரருக்கு வேலை. துவைக்கும் இயந்திரத்துக்குள் வைக்க ஒரு சின்ன மூளை, வாடிக்கையாளர் போனில் முறை பதிய ஒரு பக்கம், எந்த நாளில் கூட்டம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு கணக்கு. எழுபது வயதில் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான், எனக்குப் பழக்கம் வரட்டும் என்று இருவரும் வேலை நேரத்தில் பேச வேண்டியதைத் தமிழில் சீட்டாக எழுதித் தருவார்கள். நான் பதினான்கு படி ஏறியோ இறங்கியோ உரக்கப் படித்துவிட்டு, சீட்டைக் கூலியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை மகள் தந்த சீட்டில் 'சி போதும், வேறு எதுவும் வேண்டாம்' என்று இருந்தது. சி என்று ஒரு கணினி மொழி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? மேலே சுழியை மறந்துவிட்டாள் என்று நானே மனதுக்குள் அதைச் சேர்த்து, வகுப்பு ஆசிரியை சொன்னபடி உணர்ச்சியோடு, "சீ, போதும்" என்று மாப்பிள்ளையிடம் படித்தேன். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் தங்கமான பிள்ளை, பொறுமையாக ஒரு பதில் எழுதினார். அதை மாடிக்குப் போய், "உனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று தெரியும்" என்று படித்தேன். இரண்டு எழுத்தைப் பார்த்தாலே மீதி தானாக வாயில் வந்துவிடும் அளவுக்கு அப்போது தேறியிருந்தேன்.

சீட்டு நின்றது, பேச்சும் நின்றது. சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள். மூன்றாம் நாள், படிக்க ஒன்றும் இல்லாமல் கை அரித்தது. பழைய சீட்டுகளை எடுத்து எழுத்துக்கூட்டினேன். பை, த், தா, ன். 'ய'வைத் தேடினேன். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. மாப்பிள்ளை அதற்குள் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் படிக்கட்டின் நடுவில் நிறுத்தி, இரண்டு சீட்டையும் உள்ளபடி படித்தேன்.

"ஏங்க, எனக்குப் பைத்தான் பிடிக்கும்னா எழுதியிருந்தீங்க?"

"கணக்கு வேலைய நீயே எடுத்துக்கோன்னு சமாதானமாத்தான் எழுதினேன். அதுவும் நீ சீன்னு சொன்னப்புறம்."

"நான் எப்ப சீன்னேன்? மெஷினுக்கு சி போதும்னுதானே எழுதினேன்?"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, படிக்கறத நிறுத்திடாதீங்க. கொஞ்சம் மெதுவாப் படிங்க, அவ்வளவுதான்" என்றார் மாப்பிள்ளை.

பிறகு படியிலேயே உட்கார்ந்து எனக்கு விளக்கினார்கள். இயந்திரத்தின் மூளை தீப்பெட்டி அளவுதானாம். அதில் குடியிருக்க சிதான் லாயக்கு. எல்லாவற்றையும் நாமே எடுத்து வைக்க வேண்டும், வைத்த இடம் மறந்தால் வீடே சரியும், ஆனால் ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. பைத்தான் என்பது இன்னொரு கணினி மொழி, நாலு வார்த்தையில் புரிந்துகொள்ளும், கணக்கும் ஊகமும் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஆற அமரத்தான் நடக்கும், வரிக்கு முன்னால் விட வேண்டிய இடத்தை விடாவிட்டால் வேலையையே நிறுத்திவிடும். என் ஆசிரியையும் அப்படித்தான். மூன்றாவது மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எவர் போனிலும் திறக்கும், தப்பாகச் சொன்னாலும் தலையாட்டும், அப்புறம் வாடிக்கையாளர் முன்னால் மானத்தை வாங்கும். ஆக மூன்றுக்கும் மூன்று வேலை என்று சுமுகமாக முடிந்தது. நீங்கள் நிம்மதியாகக் காலை நீட்டி ஓய்வெடுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் உண்டாகட்டும். புள்ளி எங்காவது விட்டுப்போயிருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: இதை எழுத நான்கு நாள் ஆகிவிட்டது. நேற்று சலவைக் கடைக்காரர் வந்து, பின்னால் பழுது பார்க்க மூன்று ஆளைத் தேட முடியாது, ஒரு மொழியைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதை விடுவது என்று இப்போது இருவரும் ஒரே அறையில், சீட்டே இல்லாமல், நேருக்கு நேர் சண்டை போடுகிறார்கள். என் பங்கு துளியும் இல்லை. மூன்றும் தெரியாத ஒருவர் தீர்ப்புச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களாம். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம், அதனால் நான் அதற்கு ஆகமாட்டேனாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வரவும். தயவுசெய்து வழியில் எதையும் கற்றுக்கொண்டுவிடாதீர்கள்.