பேராசிரியரைச் சுற்றி வந்த பட்டிழை

ஒருவரைக் கௌரவிக்கப் போய் அவரை ஒழித்துக்கட்டுவதற்குத் தனித்திறமை வேண்டும். எனக்கு அது இருபத்தாறு வயதிலேயே வாய்த்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, பிற்பகல். (ஆண்டையும் என்னால் சொல்ல முடியும். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருப்பதால் சொல்லவில்லை.) காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் வரலாற்றுத் துறையின் தற்காலிக விரிவுரையாளன். என் கல்யாணமும் அந்தத் 'தற்காலிக'த்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தென்னேரியில் பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்தும் போன பிறகு அவள் அப்பா சொன்னார்:

"வேலை பர்மனென்ட் ஆவட்டும்பா. இன்னிக்கு இருந்து நாளைக்கு இல்லாத வாத்தியாருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

வேலையை நிரந்தரமாக்கக்கூடியவர் எங்கள் துறைத்தலைவர். நல்ல மனிதர். "வர்ற மாசம் கமிட்டி கூடுது. உங்க பேரை நான் சொல்றேன்" என்று தோளில் தட்டியிருந்தார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

மாணவர்களுக்கு அடிக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. எந்தச் செய்தியை எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும் என்பேன். அவர்கள் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்ப்பார்கள். அதனால் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். பெஞ்சுக்கு ஒரு புத்தகம். ஒரு புத்தகம் இன்னொன்றை ஆதாரமாகக் காட்டினால், இரண்டுக்கும் நடுவே ஓர் இழையைக் கட்ட வேண்டும். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பையன் தாமோதரன் பட்டிழை கொண்டுவந்தான்.

பயிற்சி பிரமாதமாக நடந்தது. அந்த மயக்கத்தில், வெள்ளிக்கிழமை செய்துகாட்டுகிறோம் என்று கல்லூரி முதல்வரை அழைத்தேன். ஆராய்வதற்கு, துறைத்தலைவர் எழுதிய புத்தகத்தையே தேர்ந்தெடுத்து, அவரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். (நன்றி காட்டுகிறேனாம்!) முசரவாக்கம் பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு சத்திரம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று அதில் எழுதியிருந்தார். அவருக்குப் பெருமை தந்த வரி அது.

"ஒவ்வொரு குறிப்புக்கும் இழையைத் தனியா வெட்டிக் கட்டு" என்றேன் தாமோதரனிடம்.

"பட்டு சார் இது. வெட்டிப் போட்டா எங்கப்பா என்னை வெட்டிடுவாரு."

"எப்படியோ கட்டித் தொலை."

இழையின் நுனியைத் துறைத்தலைவரின் நாற்காலிக் கையில் முடிச்சுப் போட்டுவிட்டு, வெட்டாமலே இழுத்துக்கொண்டு நடந்தான். அவர் புத்தகம் ஒரு விழா மலரைக் காட்டியது. மலர் ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரையைக் காட்டியது. கட்டுரையைப் பிடித்திருந்த மாணவி கஸ்தூரி படித்தாள்: 'இத்தகவலைத் தந்தவர் இவ்வூர்க் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர்.'

தாமோதரன் திரும்பித் துறைத்தலைவரிடமே நடந்துவந்து நின்றான்.

"சார், மறுபடி உங்க நாற்காலிக்கேதான் வருது. இங்கியே கட்டிடட்டா?"

முதல்வர் என்னைப் பார்த்தார். "அப்படின்னா என்ன அர்த்தம்?"

மாணவர்கள் முதன்முறையாகக் கண் இமைக்காமல் பாடம் கேட்ட பரவசத்தில் இருந்தேன். உரக்கச் சொன்னேன்: "அப்படியென்றால் ஆதாரமே கிடையாது என்று அர்த்தம்!"

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

துறைத்தலைவர் கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்திரிகைக்காரர் கேட்டாரு. தோணின வருஷத்தைச் சொன்னேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அச்சுல பார்த்தப்புறம் நானே நம்பிட்டேன்பா."

எழுந்து போகப் பார்த்தார். இழை குறுக்கே நின்றது. முடிச்சைத் தானே பிரிக்க முயன்றார். நெசவு வீட்டு முடிச்சு, அசையவில்லை. யாரும் வெட்டத் துணியவில்லை. தாமோதரன் மண்டியிட்டு நகத்தால் பிரித்து முடிக்கும்வரை, ஒரு மனிதரை அறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று விடுப்பில் போனவர் திரும்பி வரவில்லை. கமிட்டி அவர் இல்லாமலே கூடியது. என் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. அந்தத் தை மாதமே தென்னேரிப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. துறைத்தலைவர் வீட்டு வாசல்வரை மூன்று தடவை போய், கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

பிறகு தபால் நிலையத்தில் வேலை கிடைத்தது. தேதி முத்திரை குத்துகிற வேலை. அந்தத் தேதிக்கு ஒருவரும் ஆதாரம் கேட்டதில்லை. முதலில் போட்ட ஊர் வாலாஜாபாத். அங்கேதான் என் மனைவியைப் பார்த்தேன்.

"அப்பாவை எப்படிம்மா கட்டிக்கின?" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், இன்றுவரை அவள் என்னைப் பார்க்காமலே பதில் சொல்வாள்:

"முசரவாக்கத்துப் பக்கம் ஒரு பாழாப்போன சத்திரம் இருந்துச்சு. அதை எந்த வருஷம் கட்னாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலை. அதனாலதான்."