ரவுட்டருக்குப் போட்ட பூட்டு

கோடை பிறந்தால் ஏரிக்கரைக் குடிலில் மற்றவர்கள் கண்ணுக்கு வாத்து தெரியும், படகு தெரியும். தெய்யோவுக்குத் திருடன்தான் தெரிவான். போன வாரம் பக்கத்துக் குடிலில் படகு மோட்டார் களவு போனதிலிருந்து மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கவலை மோட்டாருக்காக அல்ல, அலமாரிமேல் இருந்த ரவுட்டருக்காக. ஊர்க் குடிநீர் பம்புகளுக்கு அதன் வழியாகத்தான் அவர் குடிலில் உட்கார்ந்தபடியே கட்டளையிடுவார். அது கண்டவன் கைக்குப் போனால் ஊருக்குத் தண்ணீர் போச்சு, தெய்யோவுக்கு வேலை போச்சு.

ஆகவே ஒரு பூட்டுப் போட்டார்.

"ஐலா, இங்க பாரு. போன்ல இந்தச் சிவப்புப் பொத்தான். ரவுட்டர் பேட்டரியிலயும் ஓடும், எங்க கொண்டு போனாலும் ஒரே அமுக்கு, அதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். திருடனுக்கு வெறும் டப்பாதான்!"

"உனக்கு?" என்றாள் மனைவி, காபி ஊற்றியபடி.

"ஆபீஸ்ல யோர்மா திரும்பப் போட்டுத் தருவான்."

"ஜூலை முழுக்க அவன் லீவாச்சே?"

"நாடே லீவுதான். திருடனுக்கு லீவு உண்டா?"

ஐலா வராந்தாவில் குவிந்து கிடந்த கம்பளங்களைப் பார்த்தாள். கோடையில் படித்துறையில் உட்கார்ந்து, பைன் சோப்புப் போட்டு அத்தனையையும் தேய்த்தாக வேண்டும். வருஷா வருஷம், பிரஷைத் தொட்ட கணத்தில் தெய்யோவை ரவுட்டர் வழியாகப் பம்பு கூப்பிட்டுவிடும்.

மறுநாள் சவுனா என்னும் வெந்நீராவிக் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தவர் அலமாரியைப் பார்த்தார். காலி!

"ஐயோ ஐலா! கொண்டு போயிட்டான்!"

"பதறாதே. நல்லாத் தேடிப் பாரு."

"தேடறதா? அதுக்குள்ள ஊர்க் குழாயெல்லாம் வறண்டு போயிடும்!"

"நாமளே எங்கயாச்சும் எடுத்து வச்சிருப்போம். பொத்தானை மட்டும் அமுக்காதே, சொல்லிட்டேன்."

கல்யாணமான நாள் முதல், மனைவி வேண்டாம் என்றதைச் செய்துதான் தெய்யோ தன் ஆண்மையை நிலைநாட்டி வந்திருக்கிறார். துண்டு நழுவியது. அமுக்கிவிட்டார்.

எல்லாம் அழிந்தது என்று போன் சொன்னதும் உயிர் வந்தது. ஊர் பிழைத்தது, வேலை பிழைத்தது. வெறும் டப்பாவோடு விழிக்கப் போகும் திருடனை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

ஐலா கம்பளக் குவியலுக்கு அடியில் கையை விட்டாள். பையில் பத்திரமாகச் சுற்றியிருந்த ரவுட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீ... நீயா?"

"தூசி தட்ட எடுத்தேன். அமுக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

"இப்ப பம்பு கூப்பிட்டா நான் என்ன பண்றது?"

"ஆபீஸ்ல டூட்டியில இருக்கறவன் பாத்துப்பான். யோர்மா லீவு முடிஞ்சு வர்ற ஆகஸ்ட் வரைக்கும் உனக்குக் கேக்காது."

தெய்யோ டப்பாவைப் பார்த்தார். டப்பாவும் தெய்யோவைப் பார்த்தது.

"நல்ல பூட்டுதான்" என்று பிரஷை நீட்டினாள் ஐலா. "துண்டைக் கட்டிக்கிட்டு வா. பெரிய கம்பளத்துல இருந்து ஆரம்பி."