மூடி மாஸ்டரின் அரை மூடி சாஸ்

திருவனந்தபுரத்தில் காசு கொடுத்துச் சாப்பிட வந்தவனைத் திட்டித் திட்டியே சாப்பிட வைத்த ஒரே சமையல்காரர் எங்கள் மூடி மாஸ்டர்தான். தொண்ணூறுகளின் கடைசியில், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைனீஸ் கடையில் வாணலி பிடித்தார். ஊர் வள்ளியூர்ப் பக்கம். இருமல் மருந்து பாட்டிலின் மூடியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஒரு பிளேட் நூடுல்ஸுக்கு அதால் ஒரு மூடி சோயா சாஸ். மந்திரியே வந்து கேட்டாலும் அவ்வளவுதான்.

ஆர்டருக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "பிரஷர் உண்டோ சாரே?" கடை முழுக்கக் கேட்கும். ஒரு மாப்பிள்ளைப் பையன் வருங்கால மாமனாரோடு வந்து உட்கார்ந்தான். "வாரும்! போன வாரம் நூத்தி அம்பதுன்னீரே, இப்பம் எப்படி?" என்று பையனைக் கேட்டார் மாஸ்டர். மாமனார் நூடுல்ஸுக்குக் காத்திருக்கவில்லை.

எனக்கும் பிரஷர். மூன்று வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாக, மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும்தான் பாக்கி. டாக்டரோ, "உப்பைக் குறைச்சிட்டு அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஊறுகாயை விட்டேன், பப்படத்தை விட்டேன், மோரைக்கூட உப்பில்லாமல் முகம் சுளித்துக் குடித்தேன். வாய் கேட்குமா? ஒரு பாட்டில் சோயா சாஸ் வாங்கி, தோசைக்கும் கப்பைக் கிழங்குக்கும் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். அது உப்பில்லையே, பயறுதானே!

இதை மாஸ்டரிடம் பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன்.

"வாயத் தொறயும்" என்றவர், ஒரு மூடி சாஸை அப்படியே நாக்கில் கவிழ்த்தார். சங்குமுகம் கடலையே குடித்த மாதிரி இருந்தது.

"என்ன ருசிவே?"

"உப்பு மாஸ்டர்!"

"பின்னே! ஊறுகாய விட்டாராம், உப்பக் கரைச்சுக் குடிச்சாராம். உமக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

மறுநாளே என் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பறிமுதல் செய்தார். அந்த மாதம் முழுக்க எனக்கு அரை மூடிதான், தனி உப்பு கிடையாது. கோஸும் பீன்ஸும் மலையாய்க் குவிந்திருக்கும், நூடுல்ஸைத் தேட வேண்டும். ருசிக்கு இஞ்சி, பூண்டு, குருமிளகு, மாஸ்டர் வினாகிரி என்று சொல்லும் வினிகர் கொஞ்சம். சில்லி சாஸ் பக்கம் கை போனால், "அதுல உப்பும் சீனியும் கூட்டாளியாக்கும். எடும் கைய!"

சர்டிபிகேட் கிடைத்தது. ஓடிப்போய்க் காட்டினேன். ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, "இந்த வினாகிரி எழவு" என்றார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது ரெண்டு மூடி ஊத்துங்க மாஸ்டர்."

அரை மூடி ஊற்றினார். "வேலை பெர்மனன்ட் ஆயாச்சு. பிரஷரும் பெர்மனன்ட்தான், பாத்துக்கிடும்."

இப்போது வீட்டில் சாஸ் பாட்டில் என் கையில்தான். எத்தனை மூடி ஊற்றினாலும் கேட்க ஆளில்லை. அரை மூடி ஊற்றிவிட்டு, பாட்டிலைச் சும்மா இன்னொரு தரம் சாய்த்துப் பிடித்தபடி நிற்பேன். யாராவது ஒரு அதட்டு அதட்ட மாட்டார்களா என்று இருக்கும்.